பதினான்கு வயதுக்கு நாற்காலி எங்கே?



மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு, வயது பதினான்கு. “சாமி, எந்நேரமும் செல்போனும் கையுமாகவே இருக்கிறான். நூலகம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. போய்ப் படிடா என்றால் காதில் வாங்குவதே இல்லை. நீங்கள்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்” என்றார். நாலு வார்த்தை சொல்ல நானும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். குருக்களுக்கு அது கைவந்த கலை அன்றோ! ஆனால் பையன் முந்திக்கொண்டான்: “அங்கே எனக்கு என்ன சாமி இருக்கு?”

கேள்வியில் சிறிது துடுக்கு இருந்தது. எனினும் அதற்கு என்னிடம் விடை இல்லை என்பதை உணர்ந்தேன். ஆகவே மறுநாள் மாலை அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குச் சென்றேன்.

நுழைந்தவுடன் நாளிதழ் மேசை. அதைச் சுற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள். இடப்புறம் குழந்தைகள் பகுதி. சுவரில் யானையும் முயலும் தீட்டப்பட்டிருந்தன. முழங்கால் உயரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சிறு நாற்காலிகள். வலப்புறம் போட்டித் தேர்வு நூல்கள். இருபத்தைந்து, முப்பது வயது இளைஞர்கள் தடித்த வழிகாட்டிகளின்மேல் குனிந்திருந்தனர். யாரேனும் இருமினாலும் நிமிர்ந்து பார்த்தனர். பிழைப்புக்காகப் படிக்கிறவர்கள், அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பின்புறத்து அடுக்குகளில் புதினங்களும் ஆய்வு நூல்களும் முதுகில் ஒட்டிய எண்கள் மங்கி நின்றன. என்னோடு வந்தவன் நடுக்கூடத்தில் நின்றான். முயலின் கீழே உட்கார அவன் கால்கள் நீளம். வழிகாட்டிகளின் பக்கம் போக அவன் மீசை போதாது.

நூலகர் ஒருவரே. கதவைத் திறப்பதும், பதிவேடு எழுதுவதும், இரவில் பூட்டுவதும் அவரே. அவர் அன்போடுதான் கேட்டார்: “என்ன தம்பி வேணும்?” பையன் சொன்னான்: “சும்மா.”

இந்தச் ‘சும்மா’ என்னும் சொல்லை நான் அன்று முதல் சிந்தித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தையிடம் கேட்டால் கதை வேண்டும் என்னும். வளர்ந்தவரிடம் கேட்டால் நூலின் பெயரையோ எழுதப்போகும் தேர்வின் பெயரையோ சொல்வார். பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ள பருவத்தினர் மட்டும் ‘சும்மா’ என்பர். தமக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருந்தும் பெரியவர் ஒருவரிடம் அதைச் சொல்ல நா எழாது. அந்தச் சொல்லைப் பொறுமையோடு திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த நூலகருக்கு அதற்கு நேரம் ஏது?

நூலகத் துறையில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை உலகமே ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை அடைந்தபின் இந்தியாவில் முதன்முதல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது 1948-இல், அன்றைய சென்னை மாகாணத்தில்தான். இன்று மாநிலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே நூலகத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பணத்தால் எழுந்த இடத்திலேயே கால் வைக்கின்றனர். இரங்கநாதனின் விதிகளுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பது. ‘ஒவ்வொருவருக்கும்’ என்ற சொல்லுக்குள் என்னருகே நின்ற பையனும் அடங்குவான். நூல் இல்லாமல் இல்லை. அந்த அடுக்குகளில் எங்கோ அவனுக்குரிய நூல் இருக்கவே செய்தது. அவனையும் அதையும் சந்திக்கவைப்பார் இல்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில், ஒரு பெண்மணி இதே காட்சியைக் கண்டார். பெயர் மார்கரெட் எட்வர்ட்ஸ். டெக்சாஸ் மாநிலத்தில் 1902-இல் பிறந்தவர். இலத்தீன் ஆசிரியையாகப் பணியாற்றியவர். (குருமடத்தில் இலத்தீன் வினைச்சொற்களோடு மல்லாடிய என் போன்றோர், இலத்தீன் ஆசிரியை ஒருவர் இளைஞரின் தோழியானார் என்பதை எளிதில் நம்பமாட்டோம், ஆயினும் உண்மை அதுவே.) 1932-இல் அவர் அந்நகரத்து ஈனாக் பிராட் இலவச நூலகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். குழந்தைகள் பகுதியைக் கடந்து, பெரியோர் பகுதியில் கால் ஊன்றாத வயதினருக்கெனச் சிறு நூல்தொகுதி ஒன்று அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதைக்கொண்டே அவர் முப்பது ஆண்டுகள் உழைத்து, இளையோர் நூலகப் பணி என்றாலே தம் பெயர் நினைவுக்கு வரும்படி செய்துவிட்டு, 1962-இல் ஓய்வுபெற்றார்.

அவர் செய்த புதுமைதான் என்ன? கட்டடம் கட்டவில்லை; பொறி எதையும் கண்டுபிடிக்கவில்லை. தம் கீழ் இளையோர் பணிக்கு வந்த உதவியாளர் ஒவ்வொருவரும், தாம் தந்த பட்டியலிலிருந்து 300 நூல்களைப் படித்து முடிக்க வேண்டும் என்று விதித்தார். படித்தேன் என்று கையொப்பமிட்டால் போதாது. தொகுதி தொகுதியாகப் படித்துவிட்டு அவரோடு அமர்ந்து உரையாட வேண்டும். இந்நூலை எந்தப் பையனுக்குக் கொடுப்பாய், எப்படிச் சொல்லிக் கொடுப்பாய் என்பதே அவ்வுரையாடலின் சாரம். பட்டம் பெற்றுவந்த நூலகர்கள் இதை விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ‘சும்மா’ என்று நிற்கும் பையனுக்கு முன்னால், நூலட்டவணை அறிந்தவர் ஊமையே. நூலைப் படித்தவர்தாம் வாய் திறக்க முடியும். இந்த ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்த உதவியாளர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பின் முன்னே நின்று, நூல்களைப்பற்றிப் பேசினர். அறிவுரை அன்று, மதிப்பெண் அன்று. சுவையான ஓர் இடம்வரை கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மீதி வேண்டுவோர் நூலகத்துக்கு வர வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போரின் நாட்களிலோ, நூலகத்துக்கு வர வழியற்ற ஏழைத் தெருக்களுக்கு எட்வர்ட்ஸ் ஒரு குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு போனார்.

இதைப் படித்தபோது நம் மன்னார்குடி என் நினைவுக்கு வந்தது. அவருக்கும் பல ஆண்டுகள் முன்னதாக, இரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்த அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடியை அடுத்த சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் புறப்பட்டது. அங்கே குதிரை, இங்கே மாடு, வேறுபாடு அவ்வளவே. வாசகர் வராவிடில் வாசகரிடம் செல் என்னும் அறிவை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. கடன் வாங்க வேண்டியது அந்த 300 நூல்களைத்தான்.

1969-இல் எட்வர்ட்ஸ் தம் அனுபவத்தை நூலாக்கினார். எழிற்பூங்காவும் விலங்குக் கூட்டமும் என்று பொருள்படும் தலைப்பு! நூலகம் பூங்கா, உள்ளே புகும் இளைஞர் விலங்குக் கூட்டம். இளையோரைக் கண்டு முகம் சுளிப்போரின் கண்ணோட்டத்தையே தலைப்பாக்கிக் குறும்பு செய்தார். நம்மிடையே மட்டும் அக்கண்ணோட்டம் இல்லையோ? பூசை முடிந்தபின் கோவில் வாசலில் நாலு பையன்கள் கூடிச் சிரித்தால், என்ன சதி நடக்கிறதோ என்று எட்டிப் பார்க்கிறோமே!

அவருடைய மற்றொரு துணிபும் நோக்கத்தக்கது. இளைஞரை என்றும் குழந்தை நூல்களிலேயே கட்டிப்போடாமல், பெரியோர்க்கென எழுதப்பட்ட நல்ல நூல்களுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. அவர் 1988-இல் மறைந்தார். பெரியோர்க்காக எழுதப்பட்டு, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினரையும் ஈர்க்கும் பத்து நூல்களுக்கு 1998 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் அலெக்ஸ் விருது அவர் நினைவாக அமைந்ததே. நமக்கு இதில் வியப்பில்லை. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன் சிறுவர்க்கென எழுதப்பட்டதா? ஆயினும் அதன் ஐந்து பாகங்களையும் பதினைந்து வயதில் விழுங்கியவர்கள் உங்களுள் எத்தனை பேர்! நானோ அதற்கும் முன்னே, 1984-இல் வெளிவரத் தொடங்கிய ராணி காமிக்ஸைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவன். அதிலிருந்து நூலகத்துக்கு வந்தேன். எந்த வாசல் வழியாக வந்தால் என்ன?

இனி, இதுவரை பலரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, பங்கு மன்றத்தில் இரண்டு அலமாரிகளை வைத்துச் சிறு படிப்பகம் ஒன்று தொடங்கினேன். எடுப்போர் பெயரும் நூலின் பெயரும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், குடிநோயைப்பற்றியும் அக்குடும்பங்களில் வளரும் பிள்ளைகளைப்பற்றியும் எழுதப்பட்ட ஒரு மெல்லிய நூலை மூன்று முறை எடுத்துச் சென்றிருப்பதைக் கண்டேன். அவன் தந்தையின் பழக்கம் ஊரறிந்தது. என் உள்ளம் உருகிற்று. வீடு சந்திக்கச் சென்ற ஒரு நாள், தந்தை நிதானத்தில் இருக்கக் கண்டு, “உங்கள் மகன் என்ன புத்தகம் படிக்கிறான் தெரியுமா? அவனுக்காகவாவது இதை விடக்கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். என் சொல் பலித்தது என்று மகிழ்ந்தபடி திரும்பினேன்.

அன்றிரவு அப்பையன் அடிபட்டான். குடும்ப மானத்தைச் சாமியாரிடம் விற்றுவிட்டான் என்று அடி. மறுநாள் அவன் தங்கை நூலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அவன் படிப்பகத்துக்கு மீண்டும் வரவில்லை, என்னிடமும் வரவில்லை. நான் அப்பங்கைவிட்டு மாறும்வரை, தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை உயிர் போனாலும் வெளியிடாதவன் நான். ஒரு பையன் நூல் அலமாரியின் முன்னால் வாய் திறவாமல் சொன்னதை மட்டும் ஊருக்குச் சொல்லத் துணிந்தேன். அதுவும் ஒரு வெளிப்படுத்தல் என்று எனக்குத் தோன்றவில்லை. நூலகத் துறையினருக்கோ இது பழைய பாடம். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற நெறிமுறையிலேயே, வாசகரைப்பற்றி அறியவரும் தனிச்செய்திகளை மறைவாகக் காப்பது நூலகரின் கடமை என வகுத்திருந்தது. பதின்ம வயதினருக்கு இது எல்லாரினும் மிகுதியாகத் தேவை. உடலில் நேரும் மாற்றம், வீட்டில் நடக்கும் சண்டை, வாழ்ந்து என்ன பயன் என்னும் நினைவு ஆகியவற்றை அவர்கள் முதலில் கேட்பது ஆளிடம் அன்று. அச்செழுத்திடம், அல்லது இந்நாளில் கைப்பேசியிடம். கைப்பேசி எதையும் சொல்லிவிடும். சரியும் தவறும் ஒரே குரலில் சொல்லும். நல்ல நூல் அப்படியன்று. ஆனால் நூலை எடுப்பதைப் பிறர் பார்க்கிறார்கள் என்றால், பிள்ளை கைப்பேசிக்கே திரும்பிப் போகும். அதன்பின் அவன் ஏன் நூலகம் போவதில்லை என்று நாம் வியப்பதில் பொருளில்லை.

“அப்படியானால் எங்கள் பிள்ளை எதைப் படிக்கிறது என்று நாங்கள் அறிய வேண்டாமா?” என்று பெற்றோராகிய நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அறியலாம், ஆனால் பதிவேட்டிலிருந்து அறிய வேண்டாம். அதே நூலை நீங்களும் படித்துவிட்டு, இரவு உணவின்போது அதைப்பற்றிப் பேச்செடுங்கள். தகாத நூல் வந்துவிடக் கூடாதே என்ற கவலைக்கும் எட்வர்ட்ஸின் விடையே எனக்குத் தெரிந்த விடை: அலமாரியில் வைப்பவர் அட்டையைப் பார்த்து வைக்காமல் முழுவதையும் படித்துப் பார்த்து வைக்க வேண்டும். துன்பத்தையும் தீமையையும் உள்ளபடி சொல்லும் நூலெல்லாம் தீய நூல் ஆகிவிடாது. ஒரு நூலில் கெட்ட சொல் ஒன்று இருப்பதாகப் பிறர் சொல்லக் கேட்டே அதை ஒதுக்குகிறவர்கள், விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூலைப் படித்ததில்லை போலும்.

வேறு தடைகளும் உண்டு. நூலைக் காலம் தாழ்த்தித் திருப்பினால் விதிக்கும் அபராதம் சிறு தொகைதான். ஆனால் பதின்மூன்று வயதுக்கு அது வீட்டில் சொல்ல முடியாத கடன். சிக்காகோ நகரப் பொது நூலகம் 2019-இல் இவ்வபராதத்தை அடியோடு நீக்கிற்று. நெடுநாள் வீடுகளில் தங்கிவிட்ட நூல்கள் திரும்பி வந்தன. அவற்றோடு வாசகர்களும் வந்தனர். அதே நகரின் மைய நூலகத்தில் 2009-இல் பதின்ம வயதினருக்கென்றே ஓர் இடம் ஒதுக்கி, கணினியும் ஒலிப்பதிவுக் கருவிகளும் வைத்து, பேசவும் பாடவும் இசைவளித்தனர். அமைதி காக்கவும் என்ற பலகை தொங்காத நூலகம்! நம் கிளை நூலகங்களில் அவ்வளவு வசதி வர நாளாகலாம். ஆயினும் பெரும்பாலான இடங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டே. அதன் கூட்டங்களில் பதினைந்து வயதினர் இருவரை உட்காரவைக்கச் செலவு என்ன? எந்நூல் வாங்கலாம் என்று அவர்களையும் ஒரு சொல் கேட்டால் குறைந்துபோவது யாது?

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பள்ளி விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, நிமிரும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடுகிறது. இருட்டியபின் நூலகம் போக எந்தத் தாய் விடுவாள்? அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களைப் பிள்ளைகளின் கைக்கே கொண்டுவந்தது. நன்முயற்சி. ஆனால் பள்ளிவாசலுக்கு வெளியே, பறக்கத் தொடங்கியவள் எங்கே போய் உட்காருவாள்?

நாலு வார்த்தை சொல்லச் சொன்ன தாய்க்கு நான் அளித்த விடை இதுவே: எங்கள் பங்கு மன்றத்தில் சனிக்கிழமை தோறும் மாலை நான்கு முதல் ஆறு வரை ஓர் அறையைத் திறந்து வைத்திருக்கிறேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ள பிள்ளைகள், எம்மதத்தினராயினும், வரலாம். நூலகர் ஐயா பெருமனத்தோடு கிளை நூலகத்திலிருந்து சில நூல்களைத் தேர்ந்துதவினார். நான் புரவலராகச் சேர்ந்து அவருக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொண்டேன். நாற்காலிகள் முழு உயரமானவை. பதிவேட்டுக்கு மாறாகத் துண்டுச் சீட்டு. நூல் திரும்பியவுடன் அதைக் கிழித்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அலமாரியில் உள்ள நூல் ஒவ்வொன்றின் பின்னட்டை உட்புறத்திலும், எவருக்கு எது தேவைப்படும் என்று நாமாக முடிவுசெய்யாமல், குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 ஆகிய இரண்டையும் ஒட்டியிருக்கிறோம். சாவி பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பொறுப்பில். அவள் இதுவரை முப்பது நூல்கள் படித்திருக்கிறாள், நான் பதினொன்று. 300 எங்கே, நாங்கள் எங்கே! ஆனால் ‘சும்மா’ என்று யாரேனும் சொன்னால், நாற்பத்தொரு நூல்களைக்கொண்டு அவர்களோடு பேச எங்களால் முடியும்.

அந்தப் பதினான்கு வயதுப் பையன் வருகிறானா என்று கேட்பீர்கள். வருகிறான். முதல் வாரம் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்; நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம், ஆட்டங்கொடுத்த மேசைக்கால் ஒன்றைக் கேட்காமலே சரிசெய்தான். இதுவரை ஒரு நூலும் எடுத்துச் செல்லவில்லை. சென்ற சனிக்கிழமை ஒரு நூலை நின்றபடியே வெகுநேரம் புரட்டினான். பிறகு அதை எடுத்த இடத்தில் வைக்காமல், வேறு யாரும் எடுத்துப் போய்விடாதபடி, கீழ்த்தட்டில் பழைய இதழ்களின் பின்னால் செருகிவிட்டுப் போனான். சாவிக்காரி அதைக் கண்டு எடுத்து ஒழுங்காக வைக்கப் போனாள். “அங்கேயே இருக்கட்டும் அம்மா” என்றேன்.